சி.எஃப்.ஐ. செக்ரைடு: விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் ஆவதற்கான தேர்வு, முழு வழிகாட்டி

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் கமர்ஷியல் லைசென்ஸ் (சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதி) கைக்கு வந்ததும் பலர் அடுத்து ஓடுவது சி.எஃப்.ஐ.க்குத்தான், அதாவது விமானப் பயிற்றுநர் சான்றிதழுக்கு. அமெரிக்க ஏர்லைன்கள் பொதுவாக எதிர்பார்க்கும் 1,500 மணி நேரத்தைச் சேர்க்க அது நல்ல வழி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பறக்கலாம், சம்பளமும் வரும் (விசா எந்த வகை, அதில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதைப் படிப்பில் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்). கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து போன தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, அந்தச் செக்ரைடு அவ்வளவு கஷ்டமா?"

கஷ்டம்தான். ஆனால் எதில் கஷ்டம் என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு போகிறோம். நானும் அப்படித்தான் போனேன், முதல் தடவை ஓரலிலேயே (செக்ரைடின் முதல் பாதியான வாய்மொழித் தேர்வு, அடுத்த பாதி பறந்து காட்டுவது) ஃபெயில் ஆனேன். எழுத்துத் தேர்வு இரண்டிலும் நல்ல மார்க், பறப்பதிலும் குறை இல்லை. எக்ஸாமினர் சொன்னார்: "எனக்குப் பதினேழு வயது, நேற்றுதான் முதல்முதலாக விமானத்தில் ஏறினேன். விமானம் எப்படித் திரும்புகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடு." நான் புத்தகத்தில் இருந்ததைப் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முடித்ததும் அவர், "சரி, இப்போது உன் மாணவனுக்கு என்ன புரிந்திருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் தங்கை கல்யாணத்துக்குக் காவேரிப்பட்டணம் வந்தேன். மூன்று வாரம் இருந்தேன். என்னைத் தேற்றி எடுத்தது என் சித்திதான், அரசுப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு விமானம் பற்றி எதுவும் தெரியாது. பாடம் எடுப்பது தெரியும். இந்த வழிகாட்டியில் பாதி அவரிடம் கற்றுக்கொண்டது.

தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

18 வயது முடிந்திருக்க வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்கும் (வெளியே பார்க்காமல் மீட்டர்களை வைத்தே பறக்கும் தகுதி) இருக்க வேண்டும். எந்த வகை விமானத்துக்கு ரேட்டிங் கேட்கிறீர்களோ அதில் குறைந்தது 15 மணி நேரம் பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாகப் பறந்திருக்க வேண்டும். ஆங்கிலம் வாசிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ள வர வேண்டும். முன்பெல்லாம் சக்கரம் உள்ளே மடங்கும் காம்ப்ளெக்ஸ் விமானத்தில்தான் முதல் சி.எஃப்.ஐ. தேர்வு எடுக்க வேண்டும் என்று இருந்தது, 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள், சாதாரண செஸ்னா 172 போதும். பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எழுத்துத் தேர்வு இரண்டு

ஒன்று எஃப்.ஓ.ஐ., கற்பித்தலின் அடிப்படைகள், 50 கேள்வி. இன்னொன்று எஃப்.ஐ.ஏ., விமானம் சம்பந்தப்பட்டது, 100 கேள்வி. இரண்டிலும் 70 எடுத்தால் பாஸ். ரிசல்ட் 24 மாதம் செல்லும். தப்பான கேள்விகளின் பகுதிக் குறியீடுகள் ரிசல்ட் தாளிலேயே வரும், எக்ஸாமினர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓரலைத் தொடங்குவார், அதனால் அந்தப் பகுதிகளை முதலில் படியுங்கள்.

எஃப்.ஓ.ஐ.யை எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதில்தான் நான் மாட்டினேன். கற்றலின் விதிகள் (தயார்நிலை, பயிற்சி, விளைவு, முதன்மை, அழுத்தம், அண்மை), கற்றலின் நான்கு படிகள் (ஒப்பித்தல், புரிதல், பயன்படுத்தல், தொடர்புபடுத்தல்), மாணவர் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் என்று பட்டியல்கள் நிறைய உண்டு. எக்ஸாமினர் பட்டியலைக் கேட்டு நிறுத்த மாட்டார். "லேண்டிங் மோசமாகப் போகும்போதெல்லாம் உன் மாணவன் காற்றைக் குறை சொல்கிறான், நீ என்ன செய்வாய்?" என்பார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நிஜ மாணவரை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை விதிக்கு எனக்கு உதாரணம் கொடுத்தது சித்தப்பா. ஸ்டால் என்றதும் "இன்ஜின் ஆஃப் ஆயிடுமா?" என்று கேட்டார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஸ்டால் என்றால் அதுதான், முதலில் மனதில் பதிந்தது அதுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறியதால் அதன் மேல் காற்று ஒட்டாமல் பிரிந்துபோவதுதான் விமானத்தில் ஸ்டால் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது, அதில் இருபது நிமிஷம் பழைய அர்த்தத்தை அவர் மனதிலிருந்து எடுக்கவே போனது. அமெரிக்காவிலும் புது மாணவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

பாடக்குறிப்பு எழுதுங்கள், உங்கள் கையால்

வேலை அதிகம் இங்கேதான். அமெரிக்காவில் லெசன் பிளான் என்பார்கள், தயாராகவே விலைக்குக் கிடைக்கும், நண்பர்களும் கொடுப்பார்கள். நானும் முதல் தடவை ஒருவரிடம் வாங்கிய தடித்த ஃபைலோடு போனேன். சித்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரோ எழுதுன நோட்ஸ் ஆஃப் லெசன் கண்ணு. நீ எழுதினாத்தான் உனக்கு வரும்" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஒரு பாடத்துக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதுங்கள், "புரிந்துகொள்வார்" என்று எழுதாதீர்கள், அதை அளக்க முடியாது. அடுத்து, அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன, இது அவருக்கு எதற்கு வேண்டும். அதன் பிறகு விஷயம், போர்டில் வரையப்போகும் படம் (படம் குறைவாக இருக்கட்டும், உங்களால் முப்பது நொடியில் வரைய முடிகிறதாக இருக்கட்டும்), வழக்கமாக வரும் தப்புகள், கடைசியில் கேட்கப்போகும் மூன்று கேள்விகள். ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கும் தனியாக ஒரு வரி வேண்டும். 2024 மே 31 முதல் தேர்வு ஏ.சி.எஸ். என்ற தேர்வுத் தர அளவுகோலின்படி நடக்கிறது, அதில் ஒவ்வொரு பகுதிக்கும் அறிவு, அபாய மேலாண்மை, திறன் என்று மூன்று பிரிவு உண்டு. எஃப்.ஏ.ஏ. தளத்தில் இலவசம். அதை அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் நோட்டின் பக்க எண்ணை எழுதிவையுங்கள்.

உதாரணம் நம் ஊரிலிருந்தே எடுக்கலாம், விஷயம் உங்கள் மனதில் உட்கார அது உதவும். டென்சிட்டி ஆல்டிடியூடுக்கு (காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் விமானத்துக்கு அது எவ்வளவு உயரம் மாதிரி இருக்கிறது என்பது) நான் ஓசூர் பக்கத்துப் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தை எடுத்துக்கொண்டேன். அது ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு என்று கணக்கில் வைத்திருக்கும் ஸ்டாண்டர்ட் வெப்பநிலை 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 35 டிகிரி என்றால் 26 டிகிரி அதிகம், ஒரு டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கினால் 3,120. ஆக விமானம் 6,100 அடிக்கு மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஓடும். ரன்வே அதிகம் தேவைப்படும், ஏறுவது மந்தமாக இருக்கும். சித்தப்பா உடனே, "அப்போ விடியக்காலைல கிளம்பிடணும்" என்றார். மாணவர் தானாக அந்த முடிவுக்கு வந்துவிட்டால் பாடம் முடிந்தது.

அட்வர்ஸ் யாவுக்கு (திரும்பும் திசைக்கு எதிராக மூக்கு போவது) இரட்டை மாட்டு வண்டி. இடது பக்கம் திரும்ப யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்) சாய்த்தால் வலது இறக்கையின் எய்லரான் (பின்விளிம்பில் அசையும் பலகை) கீழே இறங்கும், அங்கே லிஃப்ட், அதாவது தூக்கும் விசை கூடும், கூடவே இழுவையும் கூடும், வலது மாடு பின்தங்கினால் வண்டி வலது பக்கம் போவது மாதிரி மூக்கு வலதுபுறம் போகும், அதற்குத்தான் இடது ரடர் (வாலில் இருக்கும் செங்குத்துப் பலகை, காலால் மிதித்து அசைப்பது). நான் ஃபெயில் ஆன கேள்விக்கான விடை இதில்தான் இருந்தது. தேர்வில் மாட்டு வண்டியைச் சொல்ல வேண்டும் என்பதில்லை, அமெரிக்க மாணவருக்கு வேறு உதாரணம் வேண்டும். ஆனால் படிப்புக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு ஒரு தடவை புரியவைத்துவிட்டால், அடுத்தவருக்கான உதாரணத்தை நின்ற இடத்தில் கண்டுபிடிக்க முடியும்.

வீட்டில் யாராவது ஒருவரை உட்காரவைத்து, ஒரு நாளைக்கு ஒரு பாடம் சத்தமாக எடுங்கள். சித்தி எனக்கு வைத்த விதி: இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். நிஜமாகவே போனார்.

லாக்புக், எண்டார்ஸ்மெண்ட், ஸ்பின்

உங்கள் பயிற்றுநர் லாக்புக்கில் (பறந்த நேரத்தின் பதிவேடு) எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய எண்டார்ஸ்மெண்ட்கள்: எஃப்.ஓ.ஐ. பாடங்கள் நடந்தன என்பது, பறக்கும் பயிற்சி முடிந்து தேர்வுக்குத் தயார் என்பது, எழுத்துத் தேர்வில் தப்பானவற்றை மறுபடி படித்தது, அப்புறம் ஸ்பின் (ஸ்டால் ஆன விமானம் சுழன்றுகொண்டே கீழே போவது). ஸ்பின்னுக்கு அனுமதி உள்ள விமானத்தில், பயிற்றுநரோடு, ஸ்பின்னுக்குள் போவது, சுற்றுவது, வெளியே வருவது எல்லாம் செய்திருக்க வேண்டும். எண்டார்ஸ்மெண்ட் இருந்தால் பொதுவாகத் தேர்வில் பறந்து காட்டச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஓரலில் ஸ்பின் பாடம் எடுக்கச் சொல்வார்கள், அதில் தடுமாறினால் மறுதேர்வில் வானத்தில் செய்து காட்ட வேண்டியிருக்கும். பவர் குறை, எய்லரான் நடுவில், சுற்றும் திசைக்கு எதிராக முழு ரடர், யோக் முன்னால்: இந்த வரிசையைச் சொன்னால் மட்டும் போதாது, ஏன் இந்த வரிசை, எய்லரானை வைத்துச் சரிசெய்யப் பார்த்தால் ஏன் மோசமாகும் என்பதைச் சொல்ல வர வேண்டும்.

வலது சீட்

இவ்வளவு நாள் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர், இனி வலது பக்கம். இடது கையில் த்ராட்டில், வலது கையில் யோக். மீட்டர்கள் எல்லாம் கோணலாகத் தெரியும், ஏர்ஸ்பீடு முள்ளைச் சாய்வாகப் பார்ப்பதால் சில நாட் தப்பாக வாசிப்பீர்கள். லேண்டிங்கில் மூக்கு நேராக இருப்பதாகத் தோன்றும், ஆனால் கோணலாக இறங்கிக்கொண்டிருப்பீர்கள். முதல் சில மணி நேரம் பேச்சே வேண்டாம், கைகள் பழகட்டும். எனக்கு மொத்தம் பதினெட்டு மணி நேரம் ஆனது.

அதன் பிறகுதான் பேசிக்கொண்டே ஓட்டுவது, இது எதிர்பார்த்ததைவிடக் கடினம். பேச்சைக் கைகளுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே பார்க்க வேண்டும், என்ன செய்யப்போகிறேன், என்ன நடக்கும். "இப்போது ரடர் கொடுக்கிறேன்" என்பதைக் கொடுத்த பிறகு சொன்னால் மாணவருக்குப் பயன் இல்லை. இதையும் வீட்டிலேயே பழகலாம், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி ஒரு சாண்டெலை (ஏறிக்கொண்டே 180 டிகிரி திரும்புவது) முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

செய்ய வேண்டியவற்றில் கமர்ஷியல் தேர்வில் செய்த ஸ்டீப் டர்ன், சாண்டெல், லேசி எயிட், எயிட்ஸ் ஆன் பைலன்ஸ், பவர்-ஆஃப் 180 (பவரைக் குறைத்து, 180 டிகிரி திரும்பிக் குறித்த இடத்தில் இறங்குவது) எல்லாம் உண்டு, அளவும் அதே கமர்ஷியல் அளவுதான். ஸ்டீப் டர்னில் உயரம் 100 அடி, வேகம் 10 நாட் தாண்டக் கூடாது. பவர்-ஆஃப் 180-ல் குறித்த இடத்துக்கு முன்னால் இறங்கக் கூடாது, தாண்டி 200 அடிக்குள் இறங்க வேண்டும். இதோடு மாணவர் எப்படித் தப்பு செய்து மாட்டிக்கொள்வார் என்பதைக் காட்டும் ஸ்டால்கள் உண்டு: கிராஸ்-கண்ட்ரோல், எலிவேட்டர் டிரிம், செகண்டரி.

எயிட்ஸ் ஆன் பைலன்ஸ் (தரையில் இரண்டு குறிகளைச் சுற்றி 8 வடிவில், குறி இறக்கை நுனியிலேயே நிற்கும்படி பறப்பது) பலருக்குப் புரியாமலே கையில் வந்திருக்கும். கிரவுண்ட் ஸ்பீடு எவ்வளவு நாட் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 11.3-ஆல் வகுத்தால் பிவோட்டல் ஆல்டிடியூட், அதாவது குறி இறக்கை நுனியில் அசையாமல் நிற்கும் உயரம், தரையிலிருந்து அடிக்கணக்கில். 100 நாட் என்றால் 885 அடி. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது வேகம் கூடும், அந்த உயரமும் கூடும். எதிர்க்காற்றில் குறையும். குறி இறக்கைக்கு முன்னால் நழுவினால் இறங்கு, பின்னால் போனால் ஏறு. ரடரால் இறக்கையைக் குறிக்கு இழுக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இந்தக் கடைசி வரி உங்கள் நோட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பேப்பர்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் இடிப்பது பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், எழுத்துத் தேர்வில் வேறு மாதிரி பதிந்திருப்போம், லைசென்ஸில் இன்னொரு மாதிரி. எஃப்.ஏ.ஏ.வின் ஐ.ஏ.சி.ஆர்.ஏ. தளத்தில் விண்ணப்பம் போடும் முன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு மாதம் முன்பே பாருங்கள், தேர்வு நாள் காலையில் தெரிந்தால் அன்றைக்குத் தேர்வு இல்லை.

எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட், லைசென்ஸ், மெடிக்கல், லாக்புக், இரண்டு ரிசல்ட் தாள்கள், எக்ஸாமினருக்கான கட்டணம். விமானத்தின் பராமரிப்புப் புத்தகங்களும் வேண்டும். ஆனுவல் (வருடாந்தர சோதனை) எங்கே, 100 மணி நேர சோதனை எங்கே, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி) 24 மாதத்துக்குள் பார்த்ததா, ஈ.எல்.டி. (விபத்தில் சமிக்ஞை அனுப்பும் கருவி) 12 மாதத்துக்குள் பார்த்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒட்டுத்தாள் வைத்துவிடுங்கள். இதையே ஒரு பாடமாக எடுக்கச் சொல்லவும் கூடும்.

தேர்வு நாள்: ஓரல்

பாதி நாள் போகும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எஃப்.ஓ.ஐ., பிறகு தொழில்நுட்பப் பாடங்கள், எண்டார்ஸ்மெண்ட், சட்டம், கடைசியில் அன்றைக்குப் பறந்து காட்டப்போகும் ஒரு மெனூவருக்கு (ஸ்டீப் டர்ன், சாண்டெல் மாதிரியான பயிற்சிக்கு) முழுப் பாடம்.

புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில் தப்பே இல்லை. மாணவர் முதல்முறை தனியாகப் பறக்க என்னென்ன எழுதித்தர வேண்டும் என்று கேட்டால் எஃப்.ஏ.ஏ.வின் எண்டார்ஸ்மெண்ட் வழிகாட்டியான ஏ.சி. 61-65-ஐத் திறந்து காட்டுங்கள். அங்கே நினைவிலிருந்து தப்பாகச் சொல்வதுதான் ஆபத்து, ஏனென்றால் நாளை ஒரு பிள்ளையின் லாக்புக்கில் நீங்கள் போடும் கையெழுத்து அது. சிலவற்றை மட்டும் மனதில் வைத்திருங்கள்: 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது, கொடுத்த எண்டார்ஸ்மெண்ட் பதிவுகளை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியவில்லை, இதில் பார்க்கலாம்" என்று சேர்ந்து தேடுங்கள். நல்ல வாத்தியார் வகுப்பிலும் அதைத்தான் செய்வார். எக்ஸாமினர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார், தலையாட்டிவிடாதீர்கள். இரண்டாம் தடவை ஸ்டால் பாடத்தின் நடுவே அவர் "அப்படியென்றால் வேகம் இருந்தால் ஸ்டால் ஆகாது, சரிதானே?" என்றார். சித்தப்பா ஞாபகம் வந்தது. போர்டில் இறக்கையை மறுபடி வரைந்து, "நீங்களே சொல்லுங்கள், வேகமாகப் போகும்போது யோக்கைச் சட்டென்று இழுத்தால் இந்தக் கோணம் என்ன ஆகும்?" என்று சாக்பீஸை... அங்கே மார்க்கர், அதை அவர் கையில் கொடுத்தேன். வரைந்தார். அந்தப் பகுதி முடிந்தது.

தேர்வு நாள்: வானத்தில்

கிளம்பும் முன் கண்ட்ரோல் மாற்றிக்கொள்ளும் முறையைச் சொல்லிவிடுங்கள்: கொடுப்பவர் "யூ ஹேவ் த கண்ட்ரோல்ஸ்", வாங்குபவர் "ஐ ஹேவ் த கண்ட்ரோல்ஸ்", கொடுப்பவர் மறுபடி "யூ ஹேவ் த கண்ட்ரோல்ஸ்". மூன்றும் வர வேண்டும். சிலவற்றை நீங்கள் செய்துகாட்டுவீர்கள், சிலவற்றை அவர் மாணவராகச் செய்வார், தப்பும் செய்வார்.

அந்தத் தப்பை எப்போது பிடிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். சின்னத் தப்பு என்றால் விடுங்கள், மாணவரே கண்டுபிடிக்க ஒரு வார்த்தை சொல்லுங்கள், "பந்து எங்கே இருக்கிறது?" போதும் (விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் மீட்டரில் இருக்கும் பந்து). ஆனால் இறங்க வரும்போது பேஸிலிருந்து ஃபைனலுக்கு, அதாவது ரன்வேக்கு நேரான கடைசிக் கட்டத்துக்குத் திரும்பும்போது ரன்வேயைத் தாண்டிவிட்டோம் என்று உள்பக்க ரடரை மிதித்து யோக்கை இழுக்க ஆரம்பித்தால் பாடம் நடத்த நேரம் இல்லை, அங்கே ஸ்டால் ஆனால் மீள உயரம் கிடையாது, உடனே எடுத்துக்கொள்ளுங்கள், கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) செய்யுங்கள், பேச்சு எல்லாம் பத்திரமான உயரத்துக்கு வந்த பிறகு. எல்லா மெனூவருக்கும் முன்பு கிளியரிங் டர்ன் (பக்கத்தில் வேறு விமானம் இல்லை என்று பார்க்கத் திரும்புவது). பாடத்தின் நடுவே வெளியே பார்ப்பதை மறந்தவர்கள் நிறைய, நீங்கள் பார்க்காவிட்டால் மாணவரும் பார்க்க மாட்டார்.

உங்கள் மெனூவர் ஒன்று கொஞ்சம் பிசகினால் மறைக்காதீர்கள். "நான் இங்கே 80 அடி இழந்தேன், காரணம் மூக்கை விட்டுவிட்டேன், இப்படிச் சரிசெய்கிறேன்" என்று அதையே பாடமாக்குங்கள். அளவுக்குள் இருந்து, காரணத்தையும் சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இறங்கிய பிறகும் தேர்வு முடியவில்லை. மாணவரோடு உட்கார்ந்து இன்று எது நன்றாக வந்தது, எது வரவில்லை, அடுத்த வகுப்பில் என்ன என்று பேச வேண்டும். முதலில் அவரையே சொல்லவிடுங்கள்.

முடிவு மூன்று விதம்

மழை வந்தோ நேரம் போதாமலோ நின்றால் டிஸ்கண்டினியுவன்ஸ் கடிதம் தருவார்கள், 60 நாளுக்குள் மிச்சத்தை முடிக்கலாம், அது ஃபெயில் கிடையாது. ஃபெயில் என்றால் டிஸ்அப்ரூவல் தாளில் எந்தப் பகுதி என்று எழுதித் தருவார்கள். உங்கள் பயிற்றுநரிடம் மேலும் பயிற்சி எடுத்து, புது எண்டார்ஸ்மெண்ட் வாங்கி, 60 நாளுக்குள் போனால் பொதுவாக விட்ட பகுதிகளை மட்டும் பார்ப்பார்கள், மற்றதையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. நான் ஐம்பதாவது நாள் போனேன். ஊருக்கு வந்துவிட்டால் நாள் ஓடுவது தெரியாது, டிக்கெட் போடும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

பாஸ் என்றால் கையில் தற்காலிகச் சான்றிதழ், 120 நாள் செல்லும், கார்டு தபாலில் வரும். 2024 டிசம்பர் 1 முதல் புதுச் சான்றிதழ்களில் காலாவதித் தேதி கிடையாது, அதற்குப் பதிலாக 24 மாதத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுக்கும் தகுதி உங்களிடம் தொடர்கிறது என்பதைக் காட்ட வேண்டும்.

இந்தியாவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கு: சி.எஃப்.ஐ. கார்டை வைத்து இங்கே நேராகப் பாடம் எடுக்க முடியாது. முதலில் லைசென்ஸை இந்திய விமானப் போக்குவரத்து அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் லைசென்ஸாக மாற்ற வேண்டும், பிறகு அசிஸ்டென்ட் ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங், அதன் பிறகு ஃபிளைட் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் என்று படிப்படியாகப் போக வேண்டும். அதற்கும் பாடக்குறிப்பு வேண்டும். அந்த நாற்பது பக்க நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.